தற்கொலை எண்ணம்: பக்கத்தில் இருப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

அரசு மேல்நிலைப் பள்ளியில் 22 ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். மனம் நொந்தவர்களின் பேச்சைத் தொலைபேசியில் கேட்கும் ஒரு தன்னார்வக் குழுவில் பயிற்சி பெற்று, அதிலும் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். மருத்துவர் இல்லை. பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, யாராவது ஒருவர் வராந்தாத் தூணோரம் நின்று "டீச்சர், ஒரு நிமிஷம்" என்பார். அப்படி நின்றவர்கள் கேட்டவைதான் பெரும்பாலும் கீழே இருப்பவை. அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன்.

உங்கள் பக்கத்தில் ஒருவர் இப்போதே ஆபத்தில் இருந்தால் இதைப் படிக்க உட்கார வேண்டாம். 108-ஐ அழையுங்கள். ஆபத்தான நிலை இல்லை, பேச ஆள் வேண்டும் என்றால் 14416.

"சாகப்போறேன்னு வாய்விட்டுச் சொல்றவங்க செய்ய மாட்டாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?"

இல்லை. ஊரில் அதிகம் புழங்குவதும், அதிக உயிர்களைப் பறிப்பதும் இந்த நம்பிக்கைதான். தற்கொலையால் இறந்தவர்களில் பலர் அதற்கு முன்பு யாரிடமாவது, ஏதோ ஒரு வடிவில், சொல்லியிருக்கிறார்கள். நேராகச் சொல்லியிருக்கலாம், சாடையாகச் சொல்லியிருக்கலாம். கேட்டவர் "சும்மா சொல்றான்" என்று விட்டிருப்பார்.

சொல்வதற்கே எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசியுங்கள். ஒருவர் சொல்கிறார் என்றால், அவருக்குள் ஒரு பாதி இன்னும் பிழைக்க விரும்புகிறது. அந்தப் பாதிதான் நம்மிடம் பேசுகிறது.

"என்னென்ன அறிகுறி? எதைப் பாத்து நாங்க சுதாரிக்கணும்?"

முதலில் பேச்சைக் கவனியுங்கள். "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்", "நான் இல்லைன்னா நீங்க நிம்மதியா இருப்பீங்க", "இதுக்கு ஒரு முடிவு கட்டணும்", "புள்ளைங்கள பாத்துக்கோ". இவற்றில் "பாரமா இருக்கேன்" என்பதை நான் தனியாகக் குறித்துக்கொள்வேன். வறுமையும் கடனும் உள்ளவர்கள் எல்லோரும் சாக நினைப்பதில்லை. தன்னால் மற்றவர்களுக்குத்தான் கஷ்டம் என்று ஒருவர் நம்பத் தொடங்கும் இடம் வேறு.

அடுத்தது நடத்தை. தூக்கம் கெடுவது, அல்லது எந்நேரமும் படுத்தே கிடப்பது. சாப்பாடு இறங்காமல் போவது. பிடித்த வேலையைக்கூடத் தொடாமல் இருப்பது. நண்பர்களின் போனை எடுக்காதது. குடி திடீரென்று கூடுவது. காரணமே இல்லாமல் எரிந்து விழுவது. நம் வீட்டு ஆண்களிடம் சோகம் கோபமாகத்தான் வெளியே வரும், அதனால் யாரும் அதைச் சோகம் என்று கண்டுகொள்வதில்லை.

மூன்றாவது, விடைபெறும் செயல்கள். சின்னச் சின்னக் கடன்களையெல்லாம் தேடிப் போய் அடைப்பது, பத்திரம், பாஸ்புக் இருக்கும் இடத்தைச் சொல்லிவைப்பது, பல நாள் பேசாதவர்களைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது, ஆசையாக வைத்திருந்த பொருளைக் கொடுத்துவிடுவது. ஒரு பிளஸ் டூ மாணவன் அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் என் மேசைமேல் தன் ஜாமெட்ரி பாக்ஸை வைத்தான். மூடியின் உள்பக்கம் அவன் பெயர் காம்பஸ் முனையால் கீறப்பட்டிருந்தது. "யாராவது இல்லாத புள்ளைக்குக் குடுத்துருங்க மிஸ்" என்றான். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எந்தப் பையனும் ஜாமெட்ரி பாக்ஸைக் கொடுக்க மாட்டான். அவனைப் பற்றி மேலும் மூன்று இடத்தில் சொல்கிறேன். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

இன்னொன்று, பலரை ஏமாற்றிவிடுவது. மாதக்கணக்கில் வாடிக் கிடந்தவர் ஒரே நாளில் காரணமின்றித் தெளிந்து, அமைதியாகத் தெரிவார். வீட்டில் "அப்பாடா, சரியாயிட்டார்" என்பார்கள். சில நேரம் அது உண்மையான தேறுதல். சில நேரம், முடிவெடுத்துவிட்டதால் வந்த அமைதி. எதுவென்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

"எல்லாரும்தான் அப்பப்ப 'செத்தா தேவலை'ன்னு சொல்றோம். எது பேச்சு, எது நிஜம்?"

வெயிலில் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு வந்து "செத்தேன்" என்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கே தெரியும். சந்தேகம் வரும் இடத்தில் மூன்றைப் பாருங்கள். இந்தப் பேச்சு இவருக்குப் புதிதா? மேலே சொன்ன மாற்றங்களில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிகின்றனவா? அண்மையில் ஓர் இழப்போ அவமானமோ நடந்ததா: சாவு, காதல் முறிவு, வேலை போனது, கடன்காரன் வாசலில் வந்து கத்தியது, தீராத நோய் என்று டாக்டர் சொன்னது?

முன்பு ஒரு முறை முயன்றவர் என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அதுவே ஆகப் பெரிய எச்சரிக்கை.

"நேரா கேட்டா, இல்லாத நெனப்ப நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடாதா?"

ஆகாது. இந்தப் பயம்தான் நல்ல மனசுக்காரர்களின் வாயைக் கட்டிப்போடுகிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில், 2,300-க்கும் மேற்பட்ட மாணவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள். 2005-இல் வெளியான முடிவு: கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே சோர்ந்திருந்த பிள்ளைகளுக்குக் கேட்டதால் சற்று ஆறுதலே கிடைத்திருந்தது.

தலைக்குள் அந்த எண்ணம் இருப்பவருக்கு அது நாம் கொடுத்துப் போக வேண்டிய புதுச் செய்தி இல்லை. அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் அவருடைய தவிப்பு.

"சரி, என்ன வார்த்தையில கேக்கணும்?"

உள்ள வார்த்தையில். "சாகணும்னு தோணுதாப்பா?", "உயிர விட்டுடலாம்னு நெனப்பு வருதாம்மா?", "தற்கொலை பண்ணிக்கணும்னு யோசிச்சீங்களாண்ணே?" உறவுமுறை எதுவோ அதைச் சேர்த்தே கேளுங்கள். "தப்பா எதுவும் பண்ணிக்க மாட்டியே?" என்று மட்டும் கேட்காதீர்கள். "மாட்டேன்" என்ற பதிலை அந்தக் கேள்வியே வாயில் ஊட்டிவிடுகிறது. "அந்த மாதிரி" என்று மழுப்பினாலும், அதைப் பேச நமக்கே பயம் என்று அவர் புரிந்துகொள்வார்.

தனியாக, அவசரமில்லாத நேரத்தில் கேளுங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் சிலருக்கு வாய் திறக்காது. கூட நடக்கும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, கீரை ஆயும்போது பேச்சு வரும். கண்டதைச் சொல்லித் தொடங்கலாம்: "பத்து நாளா நீ சரியா சாப்பிடல, நேத்து இப்படி ஒரு வார்த்தை சொன்ன. அதான் கேக்குறேன்."

அந்த மாணவனிடம் நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "உக்காருப்பா" என்று ஸ்டூலைக் காட்டினேன். ஏறக்குறைய இருபது நிமிடம் ஒன்றும் பேசவில்லை. ஸ்டாஃப் ரூம் மூலையில் தண்ணீர் வடியும் சத்தம் மட்டும். பிறகுதான் கேட்டேன். அவன் அழவில்லை. தோள் இரண்டும் கீழே இறங்கின, அவ்வளவுதான். யாரோ தலைச்சுமையை ஒரு கை பிடித்தது போல.

"'ஆமா'ன்னு சொல்லிட்டா? எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாதே."

பதறுவது இயல்புதான். பதற்றம் குரலில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். "இத எங்கிட்ட சொன்னதுக்கு நன்றிப்பா. நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அமைதியாகக் கேளுங்கள். தீர்வு சொல்ல அவசரப்படாதீர்கள். அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னால், நாம் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியும்: "அவ்வளவு பேர் முன்னாடி பேசுனது உனக்குத் தாங்கல, இல்ல?"

அதற்குப் பிறகு இரண்டு கேள்விகள் கட்டாயம் கேட்க வேண்டும். "எப்படின்னு யோசிச்சிருக்கியா? எப்பன்னு முடிவு பண்ணிட்டியா?" வழி தெளிவாக இருக்கிறது, அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, நாளும் குறித்தாயிற்று என்றால் அது அவசர நிலை. அவரைத் தனியே விடக் கூடாது, பாத்ரூமுக்குக்கூட. எங்கே கூட்டிப்போவது என்பதைக் கீழே, எண்கள் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். எண்ணம் மட்டும் இருக்கிறது, திட்டம் இல்லை என்றாலும் அப்படியே விட்டுவிடாமல் அந்த வாரத்திலேயே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கூடவே நீங்களும் போங்கள். "போய்ப் பாரு" என்று அனுப்பினால் பாதிப்பேர் போவதில்லை.

"என்ன சொல்லக் கூடாது?"

"உனக்கென்ன குறைச்சல்?", "ஊர்ல இல்லாத கஷ்டமா?", "கோழை மாதிரி பேசாத", "பெத்தவங்கள நெனச்சுப் பாத்தியா?", "சாமி கும்பிடு, சரியாயிடும்." சொல்பவருக்கு நல்ல எண்ணம்தான். கேட்பவருக்கோ, தான் பாரம் மட்டுமல்ல, குற்றவாளியும்கூட என்று படும். பெற்றோரை நினைத்துப் பார் என்பது பல பேரிடம் எதிர்மாறாக வேலை செய்கிறது, ஏனென்றால் பெற்றோருக்கே தான் பாரம் என்பதுதான் அவருடைய எண்ணம்.

கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ மாதா கோவிலுக்கோ போவதால் ஒருவருக்கு ஆறுதல் கிடைத்தால் கூடவே போங்கள், அதில் தவறில்லை. மருத்துவருக்குப் பதிலாக அதை வைக்காதீர்கள்.

"யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டா?"

சத்தியம் செய்யாதீர்கள். "ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிரக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்லலாம்னு நீயே சொல்லு." இப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஒரு பெயர் வரும். மாணவன் சொன்னது அப்பாவின் பெயரை இல்லை, அத்தையின் பெயரை. அத்தைதான் வந்தார்.

ஏற்கெனவே சத்தியம் செய்துவிட்டீர்களா? மீறுங்கள். கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ள ஆள் இருப்பது முக்கியம்.

"எங்க போறது? எந்த நம்பர்?"

ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டார் அல்லது செய்யப்போகிறார் என்றால் 108. அது வரத் தாமதமானால் ஆட்டோ பிடித்தாவது அருகில் உள்ள அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொன்னாலும் போக வேண்டும். உடம்புக்குள் நடப்பது சில நேரம் வெளியே தெரிய நாளாகும். வாந்தி எடுக்கவைப்பது போன்ற கைவைத்தியம் எதுவும் வேண்டாம்.

பேசுவதற்கு: ஒன்றிய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ், 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம், 044-24640050. செய்தித்தாளில் தற்கொலைச் செய்திகளின் அடியில் பார்த்திருப்பீர்களே, அந்த எண். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926, சுமித்ரயோ என்ற தன்னார்வ அமைப்பின் 011 2696666, ஆம்புலன்சுக்கு 1990. கூப்பிடுபவர் பாதிக்கப்பட்டவராகவே இருக்க வேண்டியதில்லை. "என் தங்கை இப்படிச் சொல்றா, நான் என்ன செய்யட்டும்?" என்று நீங்களும் கேட்கலாம்.

சிகிச்சைக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. செலவில்லை.

"பூச்சிமருந்த ஒளிச்சு வச்சா போதுமா? நெனச்சவங்க வேற வழி தேட மாட்டாங்களா?"

தேட மாட்டார்கள், பெரும்பாலும். அந்த உச்ச வேகம் பலருக்குச் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான். அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருந்தால் அலை தணிந்துவிடுகிறது. இதற்கு இலங்கையைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1995-இல் அங்கே ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள், உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. பத்தே ஆண்டுகளில் அந்த விகிதம் பாதியானது, அதன் பிறகும் இறங்கியது. போரும் கடனும் குடியும் அந்தப் பத்து ஆண்டுகளில் ஒழிந்துவிடவில்லை.

ஆகவே வீட்டில் பூச்சிமருந்தைப் பூட்டுங்கள், சாவியை வேறொருவர் வைத்திருக்கட்டும். முடிந்தால் வீட்டிலேயே வைக்காதீர்கள், தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மாத்திரைகளையும் அப்படியே. மாதத்துக்கு வாங்கி அலமாரியில் குவிக்காமல், வாரத்துக்கு உள்ளதை மட்டும் கையில் கொடுங்கள்.

"போலீஸ் கேஸ் ஆகுமா? அதுக்குப் பயந்துதான் தனியார் ஆஸ்பத்திரில கமுக்கமா பாக்குறோம்."

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டாலொழிய முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் இல்லை. ஓர் அரசு ஊழியரைப் பணியவைக்கவோ அவர் கடமையைத் தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டுமே அதில் குற்றம். இலங்கையில் 1998-லேயே குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மருத்துவமனையில் எம்.எல்.சி. (காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய மருத்துவப் பதிவு) என்று பதிவு செய்து காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வது நடக்கும், ஒரு காவலர் வந்து வாக்குமூலம் கேட்கவும் கூடும். அது வேறு, வழக்குப் போட்டுத் தண்டிப்பது வேறு. இதற்குப் பயந்து மருத்துவரிடம் பொய் சொல்லாதீர்கள். என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் அவரால் சரியான மருந்து கொடுக்க முடியும்.

"பையன் பத்தாவது. ரிசல்ட் வரப்போவுது. பயமா இருக்கு டீச்சர்."

ரிசல்ட்டுக்கு முன்பே, வேறு பேச்சுக்கு நடுவில், சொல்லிவிடுங்கள்: "மார்க் எப்படி வந்தாலும் அன்னைக்கு ராத்திரி நாம சேர்ந்துதான் சாப்பிடுறோம்." ரிசல்ட் வரும் காலையில் அவன் வீட்டில் தனியாக இருக்கக் கூடாது. ஒருவராவது லீவு போடுங்கள். மற்ற வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை அன்று விசாரிக்க வேண்டாம்.

தோற்றவனுக்கு ஜூன், ஜூலையிலேயே துணைத்தேர்வு இருக்கிறது, தேறினால் அதே ஆண்டில் மேல்வகுப்பில் சேரலாம். இதைத் தோற்ற பிறகு சொன்னால் காதில் ஏறாது. இப்போதே சொல்லிவையுங்கள்.

"எங்கப்பாவுக்கு 68. அம்மா போனதுலேர்ந்து 'எனக்கும் சீக்கிரம் வந்துடணும்'ங்கிறார். வயசானவங்க பேசுறதுதானே?"

வயதானால் அப்படித்தான் பேசுவார்கள் என்று விட்டுவிடுவதால்தான் முதியவர்களின் மனச்சோர்வுக்கு வைத்தியம் நடப்பதில்லை. துக்கம் இயல்பு. மாதக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் குறைந்து, மாத்திரையை நிறுத்திவிட்டு, யாரையும் பார்க்க மறுப்பது துக்கம் மட்டும் இல்லை. 2022-இல் இந்தியாவில் பதிவான 1,70,924 தற்கொலைகளில், 10 பேரில் 7 பேர் ஆண்கள். நம் அப்பாக்கள் கேட்காமல் சொல்ல மாட்டார்கள். நேராகக் கேளுங்கள், மேலே சொன்ன வார்த்தைகளிலேயே.

"எங்க மருமக பொழச்சு வீட்டுக்கு வந்துட்டா. எல்லாரும் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கோம். சரிதானே?"

அவருடைய உறுத்தல் அதனால் இருமடங்காகும். "நீ திரும்பி வந்தது எங்களுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமாம்மா. பேசணும்னு தோணுறப்ப பேசு" என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள். ஏன் செய்தாய் என்று குடைய வேண்டாம், உறவினர் கூட்டமாக வந்து அறிவுரை சொல்லவும் விட வேண்டாம். வீடு திரும்பிய முதல் சில வாரங்களும் மாதங்களும் ஆபத்து மிகுந்தவை. பூச்சிமருந்து பற்றிச் சொன்னது இந்த வீட்டுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். அவருக்குக் கணவரோடோ மாமியாரோடோ உள்ள பிரச்சினை அப்படியே இருந்தால் அதையும் பேசித் தீர்க்க வேண்டும். அடி உதை நடக்கும் வீடு என்றால் பெண்களுக்கான 181-ஐ அழைக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தியது. அவற்றில் சென்னையும் கொழும்பும் உண்டு. முயன்று பிழைத்து மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில், ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவினரிடம் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள், பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கீங்க?" என்று விசாரித்தார்கள். முதல் பிரிவில் நூற்றுக்கு 2.2 பேர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 பேர். 2008-இல் வெளியான இந்த எண்களை ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். ஒன்பது முறை விசாரிப்பது எந்த அத்தையாலும் சித்தப்பாவாலும் முடியும்.

"அவர் ஒவ்வொரு சண்டையிலயும் 'செத்துருவேன்'னு மிரட்டியே காரியம் சாதிக்கிறார். இன்னமும் நம்பணுமா?"

இதைக் கேட்ட பெண் களைத்துப்போயிருந்தார், அந்தக் களைப்பில் நியாயம் இருக்கிறது. முதல் கேள்விக்குச் சொன்னதே இங்கும்: உயிர் விஷயத்தில் நம்புங்கள். ஆனால் நம்புவது என்றால் அவர் கேட்டதையெல்லாம் கொடுப்பது என்று பொருள் இல்லை. பணமோ, வேலையை விடுவதோ, பிரிந்து போகாமல் இருப்பதோ அதற்கு விலை ஆகக் கூடாது.

"நீங்க சாகுறதப் பத்திப் பேசுனா நான் அத நெசமாத்தான் எடுத்துக்குவேன். உடனே உங்க அண்ணனக் கூப்பிடுவேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம். நாம பேசிக்கிட்டிருந்த விஷயத்துல என் முடிவு மாறாது." ஒவ்வொரு முறையும் இப்படியே செய்யுங்கள். தனி ஆளாகச் சுமக்காதீர்கள். உங்களையோ பிள்ளைகளையோ சேர்த்து மிரட்டினால் முதலில் அந்த இடத்தைவிட்டு வெளியேறுங்கள், வெளியே வந்த பிறகு 108-க்கும் உறவினர்க்கும் சொல்லலாம்.

"எல்லாம் செஞ்சும் போயிட்டா, என் தப்பா?"

என் கல்லூரித் தோழி, ஒரு மழைநாளில் குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். நான்கு ஆண்டுகளாக அவளிடமே இருந்த குடை. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்த?" என்று கேட்டேன், காபி கொடுத்தேன், அனுப்பிவிட்டேன். ஆறு நாள் கழித்து அவள் இல்லை. அன்று எனக்கு இந்த அறிகுறிகள் எதுவும் தெரியாது. நடந்து முடிந்த பிறகு பின்னால் திரும்பிப் பார்த்தால் எல்லாம் அறிகுறியாகத்தான் தெரியும். முன்னால் நிற்கும்போது அது வெறும் குடை.

உங்கள் தப்பு இல்லை. ஒரு மரணத்துக்குப் பல காரணங்கள் சேர்கின்றன: நோய், மனச்சோர்வு, கடன், குடி, அவமானம், அந்தக் கணத்தில் கைக்கெட்டிய பொருள். அவற்றில் எதுவும் ஓர் ஆளின் கையில் இல்லை. இறந்தவரின் வீட்டாருக்கும் உதவி வேண்டும், 14416 அவர்களுக்கும்தான். காரியம் முடிந்த பிறகு அந்த வீட்டுக்கு யாரும் போவதில்லை. நீங்கள் போங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

"வேற யாருக்காகவும் இல்ல. எனக்குத்தான் அந்த நெனப்பு வருது."

இதை எழுதி அனுப்பியவருக்கும், அதே காரணத்துக்காக இதுவரை படித்தவருக்கும்: நீங்கள் கெட்டவரோ கோழையோ இல்லை. வலி தாங்கும் அளவைத் தாண்டியிருக்கிறது. இந்த வலிக்கு வைத்தியம் உண்டு. அந்த மாணவனுக்கு மருந்தும் பேச்சுமாக ஓர் ஆண்டு ஆனது. இப்போது வேலைக்குப் போகிறான். பாக்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.

இன்று ராத்திரிக்கு மட்டும் யோசியுங்கள். எதைப் பார்த்தால் பயமாக இருக்கிறதோ அதைவிட்டு விலகி, ஆள் இருக்கும் இடத்தில் போய் உட்காருங்கள். பக்கத்து வீட்டுத் திண்ணையானாலும் சரி. ஒருவரைக் கூப்பிடுங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் இதையே சொல்லுங்கள்: "எனக்கு இன்னைக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு. கொஞ்சம் வர்றியா?" அவர் எடுக்கவில்லையா, அடுத்தவர். யாரும் எடுக்கவில்லையா, 14416. இந்த நேரத்திலும் அங்கே ஒருவர் எடுப்பார்.